அத்தைக்கு ஒரு வசனம்

நேற்று டிவியில் விருது விழா ஓடியதே, பார்த்தீர்களா? நம் வயதுக்காரர்கள் பார்க்காமல் வேறு யார் பார்க்கப்போகிறார்கள்? பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு மூலைக்குப் போய்விட, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பது நாம்தான். சிறந்த நடிகர் என்று ஒருவருக்குக் கொடுத்தார்கள். மக்கள் மனம் கவர்ந்த நடிகர் என்று இன்னொருவருக்கு. போன வருடம் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவருக்கு, புதிதாக ஒரு பெயர் கண்டுபிடித்து ஒன்று. பந்தியில் இலை கிடைக்காதவரைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பது போல யாரையும் விடுவதில்லை. வாங்கியவர் அம்மாவுக்கு நன்றி சொல்லி அழ ஆரம்பிக்கிறார். அழுது முடிப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடுகிறது.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்கு இதெல்லாம் பிடிக்கும். பெயர் சொல்வதற்கு முன்னால் உறையைப் பிரித்துக்கொண்டே இழுக்கிறார்களே, அந்த நேரத்தில் என் நெஞ்சு இன்றும் படபடவென்று அடித்துக்கொள்ளும். காரணம் இருக்கிறது. டில்லியில் அவார்டு வாங்கிய படம் ஒன்றில் எங்கள் அத்தை நடித்திருக்கிறாள். சிரிக்காதீர்கள். அன்று எங்கள் ஊரும் இப்படித்தான் சிரித்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால், போடியில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. அத்தை பள்ளிக்கூடம் முடித்துவிட்டு டைப் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். சும்மா இருக்கும்போதும் விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள். என் கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதை அத்தை செய்தால், பயத்தில் எனக்கு வாய்ப்பாடே மறந்துபோகும். ஆண்டிபட்டியில் ஓர் இடத்தில் அவளுக்குப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள்.

ஒரு சித்திரையில் அத்தை முந்தலுக்குப் போனாள். போடியிலிருந்து மலை ஏறும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. உடன் டைப் படிக்கிற தோழி வீட்டுக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி, பஸ்ஸுக்காக ஊருக்கு வெளியே ஆளில்லாத புளியமரத்தடியில் நின்றிருக்கிறாள். அங்கே ஒரு வேன் வந்து நின்றது. ஜிகினாத் தாள் ஒட்டிய பலகை, கேமரா, குடை, தலையில் துண்டு கட்டிய ஒல்லி ஆள் ஒருவர். அவர்தான் டைரக்டர். பஸ் ஏறிப் போகும் கதாநாயகி, மரத்தடியில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்று கேட்க வேண்டும். மரத்தடிப் பெண்ணாக நடிக்க வந்தவளுக்கு மலை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து எழுந்திருக்கவே முடியவில்லையாம். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட தாவணியில் எங்கள் அத்தை நின்றாள்.

அன்று தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலுக்கும் சந்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி! நான் சினிமாவுல நடிச்சுட்டேன்! வசனம் பேசிருக்கேன் அண்ணி!"

"எந்தக் கூறுகெட்டவன் உன்னைய நடிக்கச் சொன்னான்?"

"டைரக்டரு அண்ணி. மெட்ராஸ்காரரு. எத்தனை தடவை பேசச் சொன்னாக தெரியுமா?"

வசனம் ஒன்றே ஒன்றுதான். "நான் வரலைங்க. நீங்க போங்க." அதை அத்தை முதலில் மேடை நாடகம் மாதிரி நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறாள். பிறகு கோபமாக. பிறகு தொண்டை அடைக்க. ஒவ்வொன்றுக்கும் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில் பக்கத்தில் வந்து சொன்னாராம்: "கோவமும் வேணாம், அழுகையும் வேணாம்மா. கடையில 'சீனி வேணாம்'னு சொல்லுவீங்கள்ல? அந்த மாதிரி சொல்லுங்க போதும்." பலசரக்குக் கடைக்காரர் தங்கையிடம் போய்ச் சொன்னார் பாருங்கள்! வெயில் இறங்குகிற நேரத்தில் அத்தை அதைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் அதே விளையாட்டுதான். நான் கட்டில்மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அதுதான் பஸ். நான்தான் கதாநாயகி. "நீயும் வர்றியா?" என்பேன். கீழே மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் அத்தை நிமிர்ந்து பார்ப்பாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டாள். பிறகு, "நான் வரலைங்க. நீங்க போங்க" என்பாள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குக் கட்டிலை விட்டு இறங்கவே மனசு வராது.

தை மாதம் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. தெருவே முதல் ஆட்டத்துக்குக் கிளம்பியது. அம்மா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டாள். அத்தை அதே புள்ளித் தாவணி. அப்பா எந்நாளும் இல்லாத அதிசயமாகக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவி வந்தார். பெண்கள் பக்கத்தில் அத்தைக்கு நடுவில் இடம் போட்டார்கள். படம் ஓடியது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஆட்கள் நடந்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள், மறுபடி நடந்தார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவா, இப்பவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள். "இந்தா வந்துருச்சு" என்று அத்தை என் கையை நெரித்தாள். அடுத்த காட்சியில் கதாநாயகி மதுரையில் இருந்தாள். புளியமரமும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை.

வணக்கம் போட்டு விளக்கும் போட்டார்கள். யாரோ ஒரு பெண், "ஏ ஆத்தா, நீ எந்தச் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்ன?" என்று கேட்க, கொல்லென்று சிரிப்பு. அத்தை என் கையை விட்டுவிட்டு, தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா எங்களுக்காக நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த டைரக்டர்மேல்தான். பெரியவர்களுக்கு வேறு யோசனை வந்திருந்தது. அது என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. படத்தில் இவள் இல்லை என்றால் சூட்டிங்கும் பொய். சூட்டிங் பொய் என்றால், அன்று இருட்டுகிற வரைக்கும் இவள் எங்கே இருந்தாள்? யாருடன் இருந்தாள்? முந்தல் தோழியிடம் போய் விசாரித்தார்கள். அந்த அப்பாவிப் பெண் உள்ளதைச் சொன்னாள். "சாப்பிட்டதும் கெளம்பிருச்சே!" அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

ஆண்டிபட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்தார். காப்பியைத் தொடவில்லை.

"நடிச்சாக்கூடப் பெருசில்ல. சின்னப்பிள்ள ஆசை, போகட்டும்ட்டு விட்டுரலாம். நடிச்சேன் நடிச்சேன்னு சொல்லிட்டு நடிக்காம இருந்தா, அந்தப் பொழுதுக்கு எங்கன இருந்துச்சுன்னு நாங்க கேக்கணும்ல?"

மாற்றிய வெற்றிலை பாக்கு அன்றோடு முறிந்தது. அந்த அம்மா போன பிறகு, அப்பா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு எங்கன இருந்த?"

"முந்தல்லதாண்ணே. புளியமரத்தடியில."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அதற்குப் பிறகு அவளிடம் எதுவுமே பேசவில்லை. டைப் கிளாஸ் நின்றுபோனது. அத்தையின் விரல்களும் தொடைமேல் தட்டுவதை நிறுத்திவிட்டன. நான் கட்டில்மேல் ஏறி, "நீயும் வர்றியா?" என்று கேட்டால், "எறங்கு புள்ள, போர்வை அழுக்காகுது" என்பாள்.

சோகத்தை இதோடு விடுங்கள். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் வருகிறது. ஆனி மாதக் காற்று எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கணவாய் வழியாக இறங்கி, கொடியில் காயும் துணியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்தக் காற்றோடுதான் எங்கள் தெருவுக்கு டிவியும் வந்தது. கொடைக்கானல் மலையில் கோபுரம் நட்டு, பள்ளத்தாக்கு முழுக்கப் படம் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வாங்கியவர் ஏலக்காய்க் கடை முதலாளி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்வரும் குடும்பம். வீட்டுக்குள் அத்தனை கூட்டம் கொள்ளாது என்று, சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கி, மேசைமேல் டிவியை வைத்தார்கள். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் வாசம் வந்தால், எனக்கு ஏதோ நிகழ்ச்சி ஆரம்பிக்கப்போகிறது என்று தோன்றும்.

கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ஆனால் முதலாளி அதன் கண்ணாடிக்கு முன்னால் கலர்த் தாள் ஒன்றை மாட்டியிருந்தார். ஞாபகம் இருக்கிறதா அது? மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. செய்தி வாசிக்கும் அம்மாவுக்கு நீலத் தலை, சிவப்பு மூக்கு, பச்சை ஜாக்கெட். எங்களுக்கு அது போதும், கலர் டிவியே வந்துவிட்டது.

ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்வது தியேட்டர் ஆபரேட்டரின் பொறுப்பு. வயர், மின்சாரம் என்றால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் படம் ஓட்டுகிற மனிதர். ஊர்க் கதை எதுவும் அவர் காதுக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிட்டங்கி மொட்டைமாடியில் ஏறி, காற்றில் ஆடும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து, "மாமா, கொடைக்கானல் பக்கம்! இன்னுங் கொஞ்சம்! ஐயோ, போயிருச்சு! திரும்பு, திரும்பு!" என்று நாங்கள் கத்துவோம்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டில்லியிலிருந்து அவார்டு வாங்கிய படமாகப் போடுவார்கள். வாரம் ஒரு பாஷை. அவார்டு என்றால் இந்தியாவிலேயே சிறந்த சண்டையும் சிறந்த பாட்டும் இருக்கும் என்று நம்பித்தான் தெரு கூடியது. முதல் வாரம் ஒரு பெரியவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். ஆறு ஓடியது. இன்னொருவர் வந்தார். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். முதலாளியம்மா மூட்டையில் சாய்ந்து குறட்டை விட்டார். மலையாளப் படம் வந்த வாரம் மட்டும், மூணாறு பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் கேட்காமலேயே ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னார்கள். ஆனாலும் யாரும் வருவதை நிறுத்தவில்லை. தமிழின் முறை வந்துவிடாதா என்ற ஆசைதான்.

எங்கள் அத்தையின் படத்துக்கு டில்லியில் அவார்டு என்று டீக்கடை ரேடியோவில் முன்பே சொல்லியிருந்தார்கள். கடையில் ஒரே சண்டை.

"நம்மூர்ல மூணு நாளு ஓடாத படத்துக்கு அவார்டாம்! அப்ப நூறு நாள் ஓடுன படத்துக்கு என்னத்தக் குடுப்பாக?"

"நூறு நாள் ஓடுனவனுக்கு அவார்டு எதுக்குப்பா? ஓடாததுக்குத்தான் ஆறுதலாக் குடுக்கிறாக."

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது அத்தை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை கொஞ்சம் நின்றது. "நல்லது" என்றாள். மறுபடி சலித்தாள்.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் முடிந்த கையோடு அடுத்த வாரப் படத்தின் பெயரை டிவியில் போட்டார்கள். கிட்டங்கியே எழுந்து நின்றது. தமிழ்! அதுவும் அந்தப் படம்! நான் மூட்டையிலிருந்து குதித்து, தெருவில் விழுந்து, முட்டியில் ரத்தம் வழிய வழிய வீட்டுக்கு ஓடினேன். அத்தை என்னை உட்காரவைத்துக் காயத்தைக் கழுவினாள். அம்மாதான் முடிவு செய்தாள்.

"நீ வர்ற. புள்ளித் தாவணியக் கட்டு."

"எதுக்கு அண்ணி? இன்னொரு தடவை சிரிக்கிறதுக்கா?"

"சிரிக்கட்டும். தியேட்டர்ல நான் முறுக்குத் தின்னுக்கிட்டே பாத்தேன். இந்தத் தடவை கண்ணக் கொட்டாமப் பாக்குறேன்."

எங்கள் அம்மா அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட அந்த மாதங்களில் அம்மா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அப்பா மட்டும், கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலத்தில் சரக்கு இறங்கியது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காற்றைப் போல ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. ஆபரேட்டர் மாமா கம்பத்தோடு தன்னையும் சேர்த்து வேட்டியால் கட்டிக்கொண்டார். கிட்டங்கியில் கால் வைக்க இடமில்லை. ஏலக்காய் தரம்பிரிக்கும் பெண்கள், டீக்கடைக்காரர்கள், டைப் கிளாஸ் மாஸ்டர், அன்றைக்குத் தியேட்டரில் சிரித்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முதலாளி எழுந்து நின்று, "ஆண்டவரே, படம் முடியிற வரைக்கும் கரண்டு போகாமப் பாத்துக்கொள்ளும்" என்று ஜெபம் செய்தார். எல்லா மதத்துக்காரர்களும் ஆமென் சொன்னோம்.

அதே படம். அதே நடை. அதே திரும்பிப் பார்த்தல். கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து மதுரை வரப்போகிறது என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

மதுரை வரவில்லை. மலை வந்தது. மலைக்குக் கீழே ரோடு. பஸ் ஒன்று மெதுவாக, மிக மெதுவாக வளைவில் இறங்கியது. "புளியமரம்!" என்று அம்மா கத்தினாள். மரத்தடியில் யாரோ நிற்கிறார்கள், முகம் தெரியவில்லை. பஸ் நின்றது. அந்த நேரம் பார்த்துப் படம் போய், டிவி முழுக்கப் பொரி பறந்தது. "மாமா! திரும்பு! திரும்பு! கொடைக்கானல் பக்கம்!" கிட்டங்கியே கூரையைப் பார்த்துக் கதறியது. மேலே கம்பம் கிறீச்சிட்டது. பொரி விலகியது.

எங்கள் அத்தை!

நீலத் தலை, சிவப்பு முகம், பச்சைத் தாவணி. தாவணி முழுக்கப் புள்ளி. பஸ் ஜன்னலிலிருந்து கதாநாயகி ஏதோ கேட்டாள். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதே கொஞ்ச நேரம். உதடு அசைந்தது. அவ்வளவுதான் தெரியும், ஏனென்றால் அப்போது எழுந்த கூச்சலில் இடிவிழுந்தாலும் கேட்டிருக்காது. விசில், குலவை, மூட்டையைத் தட்டும் சத்தம். ஒரு சாக்கு பிரிந்து ஏலக்காய் கொட்டியது. முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை, துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். டைப் கிளாஸ் மாஸ்டர் மட்டும் படத்துக்கு அடியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தை எட்டிப் பார்த்துப் பெருங்குரலில் வாசித்தார். "ஐ ஆம் நாட் கமிங்! யூ கோ!" டில்லியிலும் கல்கத்தாவிலும் காஷ்மீரத்திலும் எங்கள் அத்தை சொன்னதை இங்கிலீஷில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் நான் அழுதுவிட்டேன். இன்றைக்கு மேடையில் அழுகிறவர்களை நான் கேலி செய்யாததற்கு அதுதான் காரணம்.

அத்தை கண்ணைத் திறந்து பார்த்தாளா என்று கேட்கிறீர்களா? பார்த்தாள். அம்மா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து டிவி பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

கூச்சலைக் கேட்டு, கூரைதான் இடிந்துவிட்டதோ என்று ஆபரேட்டர் மாமா வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்.

"என்ன? என்ன வந்துச்சு?"

"நம்ம கடைக்காரர் தங்கச்சி! முந்தல் புளியமரம்! பஸ்ஸு!"

"அட, அந்த பஸ் சீனா?" என்றார் ஆபரேட்டர் மாமா வெகு சாதாரணமாக. "அத இன்னுமா வச்சிருக்காக? பஸ்ஸு வரும், வரும், வந்துக்கிட்டே இருக்கும். நான்தான் முத ஆட்டத்துலயே வெட்டிட்டேனே."

துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்த முதலாளியின் கை அப்படியே நின்றது. டிவியில் மட்டும் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

"வெட்டுனியா?" என்றாள் அம்மா.

"ஆமக்கா. எல்லாப் படத்துலயும் வெட்டுறதுதான். முத ஆட்டம் நீண்டுபோச்சுன்னா சுத்துப்பட்டிக்காரங்களுக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்ல? பாட்ட வெட்டுனா பெஞ்ச ஒடைப்பாக. சண்டைய வெட்டுனா என்னையவே ஒடைப்பாக. அதான் சும்மா கெடக்குற எடமாப் பாத்து வெட்டிட்டு, படப்பொட்டி திரும்பிப் போறப்ப ஒட்டிவிட்டுருவேன். அதுல நம்ம பிள்ள இருந்துச்சா? எனக்கென்ன தெரியும்? யாரும் எங்கிட்டக் கேக்கலையே!"

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. எங்கள் தியேட்டரில் கடைசி பஸ்ஸுக்காகப் படத்தை வெட்டுவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டிக்காட்டுக்காரர்கள் நிம்மதியாகப் படம் பார்த்தார்கள். முந்தல் வரைக்கும் போய் விசாரித்தவர்கள், தெருமுனைத் தியேட்டரில் ஏறி ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெண்மேல் சந்தேகம் வந்துவிட்டால் வேறு எதன்மேலும் சந்தேகம் வராது போலிருக்கிறது.

அப்போதுதான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கம்பிக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி அப்பா. எப்போது வந்தார் என்று தெரியாது. காற்றில் தலைமுடியெல்லாம் கலைந்து, கண் சிவந்து கிடந்தது. அத்தை எழுந்து போனாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் கம்பி. எங்கள் கட்டில் பஸ் மாதிரியே இருந்தது.

"நாளைக்கு டைப் கிளாஸ் இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்குண்ணே."

"சைக்கிள்ல கொண்டுபோயி விடுறேன்."

அவ்வளவுதான் பேசினார். மன்னிப்பெல்லாம் அந்தத் தலைமுறை ஆண்களுக்கு வாயில் வராது. ஆனால் மறுநாள் காலை, விடிந்ததும் விடியாததுமாக அந்தச் சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தையின் விரல்கள் தொடைமேல் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

அன்று சாயங்காலமே ஆண்டிபட்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் டிவி தெரிந்திருக்கிறது. ஆடி மாதத்தில் யாராவது கல்யாணப் பேச்சை எடுப்பார்களா? அதையும் பார்க்காமல், தட்டு நிறையப் பழமும் பந்து பந்தாக மல்லிகையுமாக வந்திறங்கிவிட்டார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இந்தத் தடவை காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்க தெருவே சொல்லுது, ஒங்க மருமகளத்தான டிவியில பாத்தோம்னு. எனக்கு அப்படியே பூரிச்சுப்போச்சு. பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிறாத தாயி. எங்க வீட்டுக்கு வந்துரு. பூவ வச்சுக்க. வர்றியா?"

அத்தை டைப் கிளாஸிலிருந்து அப்போதுதான் வந்து, மரப்பெட்டிமேல் உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது! கட்டில் பக்கம் நின்றிருந்த நான் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரலைங்க. நீங்க போங்க."

கோபம் இல்லை. அழுகை இல்லை. கடையில் 'சீனி வேணாம்' என்று சொல்வது போலச் சொன்னாள்.

டிவியில் வந்தது அத்தையின் குரல்தானா, மெட்ராஸில் வேறு யாராவது அவளுக்காகப் பேசினார்களா என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கூச்சலில் எவருமே அதைக் கேட்கவில்லை. இது அவள் குரல். வாசலில் நின்ற தெரு முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பழத்தட்டை எடுத்து, பூ சிந்தாமல் அவர் கையில் கொடுத்தார்.

"கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. பாத்துப் போங்க" என்றார்.

நான் கைதட்டினேன். தாங்க முடியவில்லை, தட்டிவிட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வலியில் திரும்பிப் பார்த்தால், அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.